வீட்டு ரூட்டரில் நிலையான ஐபி முகவரி: வரலாறும் கோளாறுகளும்

நிலையான ஐபி முகவரி என்பது ஒரு வலையமைப்பில் உள்ள கருவிக்கு மாறாமல் ஒதுக்கப்படும் எண் ஆகும். வீட்டு ரூட்டருடன் (திசைவியுடன்) இணையும் கைப்பேசி, கணினி, பிரிண்டர், சிசிடிவி கேமரா, தொலைக்காட்சி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். பெரும்பாலான கருவிகளுக்கு ரூட்டர் தானாகவே ஓர் எண்ணைத் தற்காலிகமாகக் கொடுக்கிறது. அந்த எண் மாறினாலும் கைப்பேசிக்கோ தொலைக்காட்சிக்கோ பாதிப்பு இல்லை. பிரிண்டருக்கும் கேமராப் பதிவுப் பெட்டிக்கும் அப்படியல்ல. மற்றக் கருவிகள் அவற்றைத் தேடிச் செல்கின்றன. எண் மாறிவிட்டால் தேடி வந்தவருக்கு வழி தெரியாது.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் போன்ற சிற்றூர்களிலும் இன்று ஒரே வீட்டில் ஏழெட்டுக் கருவிகள் ஒரு ரூட்டரை நம்பி இருக்கின்றன. கடைக்குக் கேமரா, பிள்ளைகளின் படிப்புக்கு மடிக்கணினி, கணினி மையத்துக்கு இரண்டு பிரிண்டர் என்று தேவைகள் பெருகியுள்ளன. நேற்று வரை வேலை செய்த பிரிண்டர் மின்தடைக்குப் பின் காணாமல் போவது இங்கு வழக்கமான புகார். ரூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், சில நாளில் மறுபடியும் வந்துவிடும். இந்தக் கோளாறுகள் தற்செயலானவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால், 1977 முதல் 2020 வரை எங்கோ எடுக்கப்பட்ட ஒரு முடிவு இருக்கிறது. அந்த வரலாறு தெரிந்தால் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரியும்.

எண் பிறந்த கதை

இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் 1969இல் அமெரிக்காவில் நான்கு கணினி மையங்களுடன் தொடங்கியது. அப்போது கணினிகள் அறை அளவு பெரியவை; அவற்றை விரல்விட்டு எண்ணலாம். எனவே சிறிய எண்களே முகவரிக்குப் போதுமானவையாக இருந்தன.

பல வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் புதிய நெறிமுறையை விண்ட் செர்ஃப், ராபர்ட் கான் முதலியோர் 1970களில் உருவாக்கினர். முகவரி எத்தனை இருமத் தானங்கள் (பிட்) கொண்டிருக்க வேண்டும் என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. 1977இல் 32 பிட் என்று முடிவாயிற்று. அது ஒரு பரிசோதனைக்காக எடுத்த முடிவு என்று செர்ஃப் பின்னாளில் பலமுறை கூறியுள்ளார். அந்தப் பரிசோதனை முடியவே இல்லை. அதுவே உலகின் வழக்கமாகிவிட்டது. 1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 791 என்ற ஆவணமாக அது வெளிவந்தது. 1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் முழுவதும் அந்த நெறிமுறைக்கு மாறியது.

32 பிட்டில் அமையக்கூடிய எண்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 0 முதல் 255 வரையான எண்ணாக எழுதுவதே 192.168.1.10 போன்ற வடிவம். அன்றைய கணினிகளின் எண்ணிக்கைக்கு இது எடுத்துத் தீராத களஞ்சியமாகத் தோன்றியது. உலகில் ஆளுக்கொரு கைப்பேசி வரும் என்று கணக்குப் போட்டிருந்தால் அப்போதே பற்றாக்குறை தெரிந்திருக்கும்.

ஒரே பதிவேடு

முகவரி என்றால் ஓர் எண் ஒருவருக்கு மட்டுமே இருக்க வேண்டும். அதை உறுதிசெய்ய ஒரு பதிவேடு வேண்டும். தொடக்க ஆண்டுகளில் யாருக்கு எந்த எண் என்ற பட்டியலை ஜான் போஸ்டல் என்ற ஆய்வாளர் பராமரித்தார். எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற கோப்பை ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லர் தலைமையிலான குழு பராமரித்தது. புதிய கணினி சேர்ந்தால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் கோப்பில் சேர்ப்பார்கள். மற்றவர்கள் அந்தக் கோப்பை நகலெடுத்துக்கொள்வார்கள்.

முகவரிகளைப் பங்கிட்ட முறையில் ஒரு குறை இருந்தது. நிறுவனங்களுக்கு மூன்று அளவுகளில் மட்டுமே தொகுதிகள் கொடுக்கப்பட்டன. சிறிய தொகுதியில் 254 கருவிகள், நடுத்தரத் தொகுதியில் 65,534 கருவிகள், பெரிய தொகுதியில் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள். 300 கணினி வைத்திருந்த கல்லூரிக்குச் சிறியது போதாது. நடுத்தரத்தை வாங்கினால் 65,000க்கு மேல் வீண். இந்த வீணடிப்பைத் தடுக்க 1993இல் எந்த அளவிலும் தொகுதியை வெட்டிக் கொடுக்கும் முறை வந்தது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இன்றும் கேட்கப்படும் சப்நெட் மாஸ்க் என்ற எண், ஒரு வலையமைப்பு எங்கே முடிகிறது என்று அளந்து காட்டும் எல்லைக்கல். 255.255.255.0 என்றால் முதல் மூன்று பகுதிகளும் ஒன்றாக இருப்பவை எல்லாம் ஒரே வலையமைப்பு என்று பொருள்.

கையால் எழுதியதிலிருந்து தானாகக் கொடுப்பதற்கு

1980களின் தொடக்கத்தில் ஒவ்வொரு கணினியிலும் அதன் முகவரியை நிர்வாகி கையால் எழுதிவைத்தார். வட்டு இல்லாத கணினிகள் வந்தபோது சிக்கல் எழுந்தது. அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும் கணினிக்கு அதன் முகவரியை யார் சொல்வது? கருவியின் வலை அட்டையில் தொழிற்சாலையிலேயே பதிக்கப்படும் 48 பிட் எண் மட்டும் மறக்காது. அதுதான் மேக் முகவரி. அந்த எண்ணைச் சொல்லி, என் ஐபி முகவரி என்ன என்று கேட்கும் முறை 1984இல் ரார்ப் என்ற பெயரில் வந்தது. 1985இல் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் இருவரும் அதைவிட விரிவான பூட்பி என்ற முறையை வெளியிட்டனர்.

பூட்பி முறையில் நிர்வாகி ஓர் அட்டவணை வைத்திருப்பார். ஒரு பக்கம் மேக் முகவரி, எதிரே ஐபி முகவரி. கருவி கேட்டதும் அட்டவணையைப் பார்த்துப் பதில் போகும். வீட்டு ரூட்டரில் இன்று அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற பெயரில் இருக்கும் பக்கம் அந்த 1985ஆம் ஆண்டு அட்டவணையின் வாரிசு ஆகும்.

அட்டவணையில் இல்லாத புதிய கருவி வந்தால் பூட்பியால் பதில் சொல்ல இயலவில்லை. மடிக்கணினிகள் பெருகியபோது இது பெரிய இடையூறாயிற்று. அமெரிக்காவின் பக்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் டிரோம்ஸ் முன்னின்று எழுதிய டிஎச்சிபி என்ற முறை 1993இல் வந்தது. 1997 மார்ச்சில் ஆர்எஃப்சி 2131 ஆகத் திருத்தி வெளியிடப்பட்டது. இன்றைய வீட்டு ரூட்டர்கள் எல்லாம் இதையே பின்பற்றுகின்றன.

டிஎச்சிபியில் நான்கு படிகள் உள்ளன. புதிதாக இணையும் கருவி, முகவரி தருபவர் யாராவது உண்டா என்று வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி கூவுகிறது. ரூட்டர் தன்னிடமுள்ள தொகுப்பிலிருந்து ஓர் எண்ணைக் காட்டுகிறது. கருவி அந்த எண்ணையே கேட்டு விண்ணப்பிக்கிறது. ரூட்டர் சரி என்று ஒப்புக்கொண்டு பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. இந்த எண் கருவிக்குச் சொந்தமாவதில்லை, குத்தகைக்கு வருகிறது. குத்தகைக் காலம் 24 மணி நேரம் என்றால், பாதி நேரமான 12 மணி நேரம் கழிந்ததும் கருவி புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டால் எட்டில் ஏழு பங்கு, அதாவது 21 மணி நேரம் கழிந்ததும், வேறு யாராவது தருவார்களா என்று எல்லோரையும் கேட்கும். அப்போதும் கிடைக்காவிட்டால் 24 மணி முடிந்ததும் எண்ணை விட்டுவிட வேண்டும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டும் தவணையும்

பொறுப்பைத் தவணைக்குக் கொடுத்துத் திரும்பப் பெறுவது தமிழகத்துக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதி உடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். விரல்களை விரித்த உள்ளங்கையில் அதை வாங்கிய நம்பி உரக்க வாசித்தார். அங்கிருந்த மற்ற நம்பிகளும் வாசித்தனர். அதன் பிறகே அந்தப் பெயர் எழுதிக்கொள்ளப்பட்டது.

தேர்வானவரின் பொறுப்புக் காலம் 360 நாள். அதன்பின் இறங்கிவிட வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவரின் பெயர் குடத்தில் இடப்படவில்லை. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதி இழந்தனர்.

குடவோலை மனிதர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை. டிஎச்சிபி எண்ணைக் கொடுக்கும் முறை. இரண்டும் ஒன்றல்ல, ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததும் இல்லை. ஆனால் ஒதுக்கீடு எதுவாயினும் தகராறு இல்லாமல் நடக்கத் தேவையானவை எவை என்பதை இரண்டிலும் பார்க்கலாம். பெயர்கள் எல்லாம் ஒரே குடத்தில் இருக்க வேண்டும். கொடுத்தது எல்லோருக்கும் கேட்க வேண்டும். கொடுத்ததற்கு முடிவு நாள் வேண்டும். எழுதியது ஒரே இடத்தில், யாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். வீட்டு ரூட்டரில் ஏற்படும் முகவரிக் கோளாறுகளில் பெரும்பாலானவை இவற்றுள் ஏதோ ஒன்று மீறப்படுவதால் வருபவை.

வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண்

1990களில் முகவரிகள் தீர்ந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. 1994 மார்ச்சில் வெளிவந்த ஆர்எஃப்சி 1597, சில எண் தொகுதிகளைத் தனியார் பயன்பாட்டுக்கு என்று ஒதுக்கியது. ஒரு நிறுவனம் தன் சுவர்களுக்குள் அவற்றை யாரையும் கேட்காமல் பயன்படுத்தலாம். வெளி இணையத்தில் அவை செல்லாது. ஒரே எண் பல இடங்களில் இருப்பது முகவரியின் அடிப்படையையே குலைக்கும் என்று அதே ஆண்டில் எதிர்ப்பும் ஆவணமாக வந்தது. விவாதத்துக்குப் பின் 1996 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 1918 இறுதி வடிவம் பெற்றது. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளும் அப்படி ஒதுக்கப்பட்டவை. உத்திரமேரூரில் ஒரு வீட்டு ரூட்டருக்கும் ஜப்பானில் ஒரு வீட்டு ரூட்டருக்கும் 192.168.1.1 என்ற ஒரே எண் இருப்பது இதனால்தான்.

உள்ளே இருக்கும் எண்ணை வெளியே செல்லும் எண்ணாக மாற்றுவதற்கு நாட் என்ற முகவரி மாற்று முறை 1994இல் வந்தது. பல கருவிகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் வழியாக அது வளர்ந்தது. உள்ளிருந்து யார் வெளியே கேட்டார்கள் என்று ரூட்டர் குறித்துக்கொண்டு, பதில் வரும்போது உரியவரிடம் சேர்க்கும். வெளியிலிருந்து ஒருவர் தானாக வந்தால் யாரிடம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. இந்தப் பகிர்வுக்குக் கொடுத்த விலை அது. வீடு வெளியே பேசலாம். வீட்டை வெளியார் கூப்பிட முடியாது.

இந்தியாவில்

இந்தியாவில் கல்வி நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் திட்டம் 1986இல் மத்திய மின்னணுத் துறையாலும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தாலும் தொடங்கப்பட்டது. சென்னை ஐஐடி அதில் பங்கேற்ற நிறுவனங்களுள் ஒன்று. மும்பையில் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தை நடத்திய சீனிவாசன் ரமணி இதில் முக்கியப் பங்காற்றினார். 2014இல் இணையப் பெருமக்கள் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொலைபேசியில் எண் சுழற்றி இணையும் காலம் அது. ஒவ்வொரு முறை இணையும்போதும் ஒரு பொது முகவரி கிடைக்கும்; துண்டித்தால் போய்விடும். வீட்டில் ஒரே கணினிதான் இருந்தது என்பதால் உள் முகவரி என்ற பேச்சே எழவில்லை. 1998இல் தனியார் நிறுவனங்களுக்கும் இணையச் சேவை திறந்துவிடப்பட்டது. 2004இல் அகலப்பட்டைக் கொள்கை வந்தபின், எப்போதும் இணைந்தே இருக்கும் மோடம் வீடுகளுக்கு வந்தது. கம்பியில்லா ரூட்டர் அதனுடன் சேர்ந்தபோதுதான் வீடு ஒரு சிறு வலையமைப்பாக மாறியது. முன்பு அலுவலக நிர்வாகி செய்த வேலை குடும்பத்தில் யாரோ ஒருவர் தலையில் விழுந்தது. ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் திட்டத்துக்கு 2011இல் ஒப்புதல் கிடைத்தது; 2015 முதல் அது பாரத்நெட் எனப்படுகிறது. தமிழகத்தில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி டான்ஃபிநெட் நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது.

நிலையான முகவரி தர இரண்டு வழிகள்

வீட்டில் ஒரு கருவிக்கு நிலையான முகவரி தர இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, கருவியிலேயே எண்ணைக் கையால் எழுதுவது. இது 1980களின் முறை. இரண்டாவது, கருவியைத் தானியங்கி முறையிலேயே விட்டுவிட்டு, அதன் மேக் முகவரிக்கு இந்த எண்ணையே கொடு என்று ரூட்டரின் முன்பதிவு அட்டவணையில் எழுதுவது. இது பூட்பி வழி வந்த முறை.

முதல் வழியில் கருவி தனக்கென ஓர் எண்ணை எடுத்துக்கொள்கிறது; ரூட்டரின் பதிவேட்டுக்கு அது தெரியாது. இரண்டாவது வழியில் பதிவேடே எண்ணைக் கொடுக்கிறது. வீட்டில் இரண்டாவது வழியே பாதுகாப்பானது. முதல் வழியைக் கையாள வேண்டியிருந்தால், எழுதும் எண் ரூட்டரின் தானியங்கித் தொகுப்புக்கு வெளியே இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, தொகுப்பு 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை என்று அமைத்துவிட்டு, பிரிண்டருக்கு 192.168.1.20 என்று எழுதலாம். முன்பதிவைப் பொறுத்தவரை சில ரூட்டர்கள் தொகுப்புக்குள் இருக்கும் எண்ணை மட்டுமே ஏற்கும். சில வெளியே இருப்பதையும் ஏற்கும்.

கோளாறுகளும் அவற்றின் வேர்களும்

ஒரே எண் இருவருக்கு: பிரிண்டரில் கையால் எழுதிய எண் தானியங்கித் தொகுப்புக்குள் இருந்தால், பிரிண்டர் அணைந்திருக்கும் நேரத்தில் ரூட்டர் அதே எண்ணை ஒரு கைப்பேசிக்குக் கொடுத்துவிடலாம். பிரிண்டரைப் போட்டதும் இரண்டும் மாறி மாறித் துண்டிக்கப்படும். ஓர் எண்ணை எடுக்குமுன் அதை வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கும் முறை 2008இல் ஆர்எஃப்சி 5227 ஆக வகுக்கப்பட்டது. எல்லாக் கருவிகளும் அதைச் செய்வதில்லை.

மின்தடைக்குப் பின்: குத்தகைப் பதிவேட்டை நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கும் ரூட்டர்கள் உண்டு. மின்சாரம் போனால் அது அழிந்துவிடும். திரும்பி வந்ததும் ரூட்டர் முதலிலிருந்து எண்களைக் கொடுக்கத் தொடங்கும். நேற்று ஒரு கருவியிடம் இருந்த எண் இன்று வேறொன்றுக்குப் போகலாம். முன்பதிவு அட்டவணை அமைப்புகளுடன் சேர்ந்து நிலையாகச் சேமிக்கப்படுவதால் அழியாது. மின்தடை மிகுந்த ஊர்களில் முன்பதிவு செய்வதன் முதல் பயன் இதுவே.

169.254 என்று தொடங்கும் எண்: டிஎச்சிபியிடமிருந்து பதில் வராதபோது கருவி தானே போட்டுக்கொள்ளும் எண் இது. இந்த எண்ணைக் கண்டால் முகவரி ஒதுக்கீடு நடக்கவே இல்லை என்று பொருள். கம்பி இணைப்பு, வைஃபை கடவுச்சொல், ரூட்டரில் டிஎச்சிபி இயங்குகிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும்.

எண் இருந்தும் இணையம் இல்லை: கையால் எழுதும்போது ஐபி முகவரியுடன் சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். கேட்வே என்பது ரூட்டரின் உள் முகவரி. அது தவறானால் வீட்டுக்குள் பிரிண்டர் வேலை செய்யும், வெளி இணையம் வராது. டிஎன்எஸ் தவறானால் எண்ணை நேரடியாக அழைத்தால் கிடைக்கும், பெயரைச் சொன்னால் கிடைக்காது.

முன்பதிவு செய்தும் பழைய எண்ணே வருகிறது: கருவி பழைய குத்தகையைப் பாதிக் காலம் வரை வைத்துக்கொண்டிருக்கும், அதற்குள் ரூட்டரைக் கேட்காது. கருவியின் வைஃபையை அணைத்துப் போட்டாலோ கருவியையே மறுபடி தொடங்கினாலோ அது உடனே கேட்கும்.

முன்பதிவு சில நாளில் பலிக்காமல் போவது: மேக் முகவரி மாறாது என்பது 1980களின் நம்பிக்கை. கடைகளும் விளம்பர நிறுவனங்களும் அந்த எண்ணை வைத்து மக்களின் நடமாட்டத்தைப் பின்தொடர்வதைத் தடுக்க, 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் கைப்பேசிகள் உண்மை எண்ணை மறைத்துப் போலி எண்ணைக் காட்டுகின்றன. போலி எண்ணில் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த மறைப்பை நிறுத்திவிட்டு முன்பதிவு செய்யலாம்.

இரண்டு ரூட்டர்கள்: கண்ணாடி இழை இணைப்புடன் வரும் பெட்டியும் ஒரு ரூட்டரே. அதன் பின் கடையில் வாங்கிய ரூட்டரை இணைத்தால் இரண்டும் தனித்தனிப் பதிவேட்டை வைத்துக்கொண்டு எண் கொடுக்கும். ஒன்றின் கீழ் இருக்கும் கைப்பேசிக்கு மற்றொன்றின் கீழ் இருக்கும் பிரிண்டர் தெரியாமல் போகும். இரண்டுக்கும் 192.168.1.1 என்ற ஒரே உள் எண் இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். இரண்டாவது ரூட்டரை அக்ஸஸ் பாயின்ட் நிலைக்கு மாற்றி, அதன் டிஎச்சிபியை நிறுத்தி, வேறோர் உள் எண் கொடுத்தால் பதிவேடு ஒன்றாகிவிடும்.

கோளாறு எதுவாயினும் பார்க்கும் வரிசை ஒன்றே. முதலில் கருவியில் இப்போது இருக்கும் எண்ணைக் குறிக்க வேண்டும். அடுத்து ரூட்டரின் பட்டியலில் அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக மேக் முகவரி இரண்டிடத்திலும் ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். பிறகே எதையும் மாற்ற வேண்டும். ஒரு தாளில் கருவிகளின் பெயர், மேக் முகவரி, ஐபி முகவரி மூன்றையும் எழுதி ரூட்டர் அருகே ஒட்டிவைத்தால் அடுத்தமுறை பார்ப்பவருக்கு வேலை பாதியாகும்.

வெளியிலிருந்து வீட்டை அடைதல்

வெளியூரில் இருந்து கடைக் கேமராவைப் பார்க்கவே பலர் நிலையான முகவரியை நாடுகின்றனர். 192.168 என்ற உள் எண்ணை நிலையாக்குவது இதற்குப் போதாது. அந்த எண் ரூட்டருக்கு வெளியே செல்லாது. ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் அமைத்து, வெளியிலிருந்து வரும் அழைப்பை இந்தக் கருவிக்கு அனுப்பு என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னாலும் பல வீடுகளில் வேலை செய்வதில்லை.

காரணம் 2011இல் இருக்கிறது. அவ்வாண்டு பிப்ரவரி 3 அன்று உலகப் பதிவேட்டின் கையிருப்பில் இருந்த கடைசி ஐபிவி4 தொகுதிகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகம் ஏப்ரலிலேயே தன் இறுதித் தொகுதியைத் தொட்டது. அன்று முதல் பங்கீட்டு அளவு மிகச் சுருங்கியது. மற்றோர் இடத்தில் எண்கள் தாராளமாக இருந்தன. தொடக்கத்திலேயே ஒரு பெரிய தொகுதி முழுவதையும் பெற்றிருந்த அமெரிக்காவின் எம்ஐடி, 2017இல் அதில் ஒரு பகுதியை அமேசான் நிறுவனத்துக்கு விற்றது. 1980களில் வரிசையில் முன்னால் நின்றவர்களுக்கு வாரிக் கிடைத்தது. கிராமங்களுக்கு இணையம் வந்து சேர்ந்தபோது களஞ்சியம் காலி.

இந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்க, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைக் கொடுக்கும் பெரிய நாட் முறையைச் சேவை நிறுவனங்கள் கைக்கொண்டன. அதற்கென 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் 2012 ஏப்ரலில் ஒதுக்கப்பட்டன. ரூட்டரின் வெளி இணைப்புப் பக்கத்தில் அப்படித் தொடங்கும் எண்ணோ 10 என்று தொடங்கும் எண்ணோ தெரிந்தால், அந்த வீட்டுக்குத் தனிப் பொது முகவரி இல்லை. போர்ட் ஃபார்வர்டிங்கில் எத்தனை மணி நேரம் செலவிட்டாலும் பயன் இராது. சேவை நிறுவனத்திடம் தனிக் கட்டணத்துக்கு நிலையான பொது முகவரி கேட்கலாம், அல்லது கேமரா நிறுவனத்தின் இடைநிலைச் சேவை வழியாகப் பார்க்கலாம். இரண்டாவதில் வீட்டுப் படம் வேறொருவர் கணினி வழியாகச் செல்கிறது என்பது நினைவில் இருக்க வேண்டும்.

பொது முகவரி கிடைத்தாலும் எச்சரிக்கை தேவை. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லையே மாற்றாமல் வைத்திருந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றி, அக்டோபர் 21 அன்று பல பெரிய இணையதளங்களை முடக்கும் தாக்குதலுக்குப் பயன்படுத்தப்பட்டது. வெளியாருக்கு வாசல் திறக்குமுன் பூட்டை மாற்றுவது முதல் வேலை.

ஐபிவி6

பற்றாக்குறைக்கு நிலையான தீர்வாக 128 பிட் கொண்ட ஐபிவி6 1995 டிசம்பரிலேயே ஆவணமாக வந்துவிட்டது. 2012 ஜூன் 6 அன்று உலகின் பெரிய இணைய நிறுவனங்கள் அதை நிரந்தரமாக இயக்கத் தொடங்கின. அதே ஆண்டில் இந்தியாவுக்கென முகவரி வழங்கும் ஐரின் என்ற பதிவகமும் செயல்படத் தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை வந்தபின் இந்தியாவில் ஐபிவி6 பயன்பாடு வேகமாக வளர்ந்தது. இன்று உலகில் முன்னணியில் உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

ஐபிவி6இல் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கிறது, நாட் தேவையில்லை. ஆனால் சேவை நிறுவனம் கொடுக்கும் முன்பகுதி மாறினால் எல்லா முகவரிகளும் மாறும். தனியுரிமைக்காகக் கருவிகளும் தம் பின்பகுதியை அவ்வப்போது மாற்றிக்கொள்கின்றன. எண்ணுக்குப் பஞ்சம் தீர்ந்தாலும் நிலைத்தன்மை தானாக வந்துவிடுவதில்லை.

நிலையான முகவரியின் வரலாற்றில் நிலையாக நின்ற பாடம் ஒன்று உண்டு. போஸ்டலின் பட்டியல், பூட்பி அட்டவணை, டிஎச்சிபி பதிவேடு, நாட்டின் பதிவகம் எல்லாம் செய்வது ஒரே வேலை: யாருக்கு எது என்று ஒரே இடத்தில் எழுதிவைப்பது. வீட்டிலும் அந்த வேலையை ஒரு ரூட்டரிடம் மட்டும் ஒப்படைத்து, பிரிண்டரையும் கேமராவையும் அதில் முன்பதிவு செய்துவிட்டால், மின்சாரம் எத்தனை முறை போய் வந்தாலும் அவை தத்தம் எண்ணுக்கே திரும்பும்.